மணலுக்குள் இருக்கிறது வேலூரின் அணை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

2019 ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு ரயிலில் குடிநீர் போனது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர அளவுப்படி வகுத்தால் பதினெட்டாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒரு நாள் தண்ணீர். அந்தத் தண்ணீரும் அன்றைய வேலூர் மாவட்டத்தில் ஊறியதல்ல. மேட்டூர்ப் பக்கத்திலிருந்து கூட்டுக்குடிநீர்த் திட்டக் குழாயில் ஏற்றி வந்த காவிரி. கடன் வாங்கிப் பிழைக்கிறவனிடமே கைமாற்று வாங்கிய கதை இது. சென்னையிடம் அப்போது மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் தரும் இரண்டு கடல்நீர் ஆலைகள் இருந்தன. இருந்தும் ஏரிகள் வறண்டபோது ரயில் தேவைப்பட்டது.

கோடைக்குக் கோடை வேலூரில் எழும் கோரிக்கை “இன்னும் காவிரி வேண்டும்” என்பதுதான். தென்பெண்ணை–பாலாறு இணைப்பு பற்றியும் பேசுகிறார்கள். வரட்டும், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வெளியாறு ஒரு நகரத்துக்கு ஆபத்துக் காலக் கையிருப்பாக இருக்க வேண்டுமே தவிர, அன்றாடச் சாப்பாடாக இருக்கக் கூடாது. சென்னைக்குக் கடலும் அப்படித்தான். வேலூரின் அன்றாடத் தண்ணீருக்கு இடம் பாலாற்று மணல். இதைக் கணக்கோடு சொல்லவே இக்கடிதம்.

தேவையிலிருந்து தொடங்குவோம். காட்பாடி, சத்துவாச்சாரி எல்லாம் சேர்ந்த இன்றைய மாநகராட்சிக்கு 5 லட்சம் பேர் என்று வைத்துக்கொண்டால், 135 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 6.75 கோடி லிட்டர். ஆண்டுக்கு 0.87 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). இதில் பலரும் விட்டுவிடுவது வந்து போகிறவர்களின் கணக்கு. மருத்துவமனைக்குத் திட்டக் கையேட்டு அளவு, நூறு படுக்கைக்கு மேலிருந்தால் படுக்கைக்கு 450 லிட்டர். ஓட்டலுக்குப் படுக்கைக்கு 180. நோயாளியோடு வந்து லாட்ஜில் வாரக்கணக்கில் தங்கும் உறவினர்கள், கல்லூரி விடுதிப் பிள்ளைகள், ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வருகிறவர்கள் என்று இந்த ஊர் தன் மக்கள்தொகையைவிட எப்போதும் பெரியது. வார்டு மக்கள்தொகையை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு லாட்ஜ்கள் நிறைந்த தெருக்களில் முதலில் தோற்கும்.

இனி மணல். 500 மீட்டர் அகலம், 1 கிலோமீட்டர் நீளம், 5 மீட்டர் கனம் உள்ள மணல் படுகையை எடுத்துக்கொள்ளுங்கள். 25 லட்சம் கன மீட்டர். பருமணலில் ஐந்தில் ஒரு பங்கு நீரை இறைத்தெடுக்கலாம். அதாவது 5 லட்சம் கன மீட்டர், 50 கோடி லிட்டர். மேலே சொன்ன நகரத்துக்கு ஒரு வாரத்துக்குச் சற்று மேல். பத்து கிலோமீட்டர் படுகை நிறைந்திருந்தால் இரண்டு மாதத்தைத் தாண்டும். ஒரே ஒரு மீட்டர் மணலை அந்த ஒரு கிலோமீட்டரில் வாரிவிட்டால் 10 கோடி லிட்டர் கொள்ளளவு போயிற்று. லாரியில் போவது மணல் மட்டுமல்ல, தொட்டியும்தான்.

மணல் தொட்டிக்கு இன்னொரு பலம், வெயில் அதைத் தொடாது. நம் பக்கத்தில் திறந்த ஏரி ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் நீரை ஆவியாக இழக்கிறது. ஆழமில்லாத ஏரி சித்திரையில் காய்வதற்கு இதுவே பாதிக் காரணம். மணலில் நீர்மட்டம் ஒரு மீட்டர் கீழே போய்விட்டால் ஆவியாவது கிட்டத்தட்ட நின்றுவிடும்.

“பாலாற்றுக்கு அடியில் இன்னொரு பாலாறு ஓடுகிறது” என்று நம் பக்கத்தில் சொல்வது வழக்கம். அது ஓடவில்லை, நிற்கிறது. கிலோமீட்டருக்கு 2 மீட்டர் சரிவு, பருமணலுக்கு நாளொன்றுக்கு 100 மீட்டர் என்ற கசிவுத் திறன், 2,500 சதுர மீட்டர் குறுக்குவெட்டு என்று பெருக்கிப் பார்த்தால் அடியில் நகரும் நீர் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர்தான். நகரத் தேவையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே ஆற்றுக் கிணற்றில் நாம் இறைப்பது ஓட்டத்தை அல்ல, சேமிப்பை. சேமிப்பு நிரம்புவது வெள்ளத்தில் மட்டும். வெள்ளம் எவ்வளவு பெரியது? நொடிக்கு ஒரு லட்சம் கன அடி என்று ஒரே ஒரு நாள் ஓடினால் 8.64 டி.எம்.சி. இந்த ஊரின் பத்து ஆண்டுக் குடிநீர். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்தவர்களுக்கு இந்த எண் மிகையாகத் தோன்றாது. சில நாளில் வந்து போகும் அந்த நீரில் எத்தனை பங்கை மணலுக்குள் நிறுத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

நிறுத்துவதற்கு வழி தரைக்கீழ்த் தடுப்புச் சுவர். ஆற்றின் குறுக்கே பாறை வரை அகழி தோண்டி, களிமண்ணாலோ கான்கிரீட்டாலோ சுவர் எழுப்புவது. சுவரின் தலை படுகை மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழேயே நிற்க வேண்டும். வெள்ளமும் புதுமணலும் தடையின்றி மேலே போகும். நிலம் மூழ்காது, யாருக்கும் இழப்பீடு தர வேண்டியதில்லை. சுவருக்குப் பின்னால் படுகை நிறைந்ததும் மிச்சம் தானாகக் கீழே இறங்கும். ஆற்காட்டுக்கும் வாலாஜாவுக்கும் அதற்கப்பால் காவேரிப்பாக்கம் ஏரிக்கும் போக வேண்டிய வெள்ளநீர் இதனால் குறையப் போவதில்லை. அடியில் நகரும் அந்தச் சிறு ஓட்டம்தான் தடைபடும். அதற்கு ஈடாகச் சுவரில் ஒரு திறப்புக் குழாய் வைத்துவிடலாம்.

சொல்ல எளிது. கெட்டுப்போகும் இடங்கள் பல. முதலாவது, இடத்தேர்வு. ஆற்றின் அகலம் குறுகி, இரு கரையிலும் பாறை மேலெழும் இடமாகப் பார்க்க வேண்டும். குறுக்கே 25 முதல் 50 மீட்டருக்கு ஒரு துளை போட்டுப் பாறையின் ஆழத்தை வரைந்துகொள்ளாமல் ஒப்பந்தப்புள்ளி கோரக் கூடாது. நடுவில் ஒரு பழைய ஆழ்மடு மறைந்திருந்தால் அதன் வழியே எல்லாம் வடிந்துவிடும். சுவர் பாறைக்குள் அரை மீட்டராவது இறங்கிப் பிடிக்க வேண்டும். பாறையில் வெடிப்பு இருந்தால் சிமென்ட் கூழை அழுத்தி ஏற்றியே ஆக வேண்டும். இரண்டாவது, கரை. செலவைக் குறைக்கக் கரையோரம் பத்து மீட்டர் விட்டுவிடுவார்கள். நீர் அந்தப் பத்து மீட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். வெட்டவெளியில் ஓட்டையுள்ள பாத்திரம் என்றால் கண்ணுக்குத் தெரியும். இது மண்ணுக்குள் நடப்பதால் பத்தாண்டு கழித்துத்தான் “சுவர் கட்டியும் பயனில்லை” என்பார்கள். மூன்றாவது, களிமண் சுவர் என்றால் 15 முதல் 20 செ.மீ. அடுக்காக, ஈரப்பதத்தோடு போட்டு இடித்து இறுக்க வேண்டும். டிப்பரில் கொட்டி மேலே பொக்லைன் ஓட்டினால் அது சுவரல்ல, மண்குவியல். நான்காவது, சுவரை ஒட்டிக் கீழ்ப்புறம் மணல் அள்ள விட்டால் அடுத்த வெள்ளத்தில் சுவர் அம்மணமாகி உடையும். மேலும் கீழும் சில நூறு மீட்டருக்கு மணல் தடை இல்லாத இடத்தில் இதைக் கட்டுவது வீண்.

கீழ்ப்பாலாற்றில் இதற்கு முன்மாதிரி உண்டு. கடலுக்குச் சற்று முன்பு வாயலூர், கடலூர் என்ற இரு கிராமங்களுக்கு இடையே கட்டிய தடுப்பணை நன்னீரைத் தேக்குவதோடு உப்புநீர் உள்ளேறாமலும் காக்கிறது. கடலோரத்தில் இந்த எச்சரிக்கை அவசியம். அங்கே நன்னீர் மட்டம் கடலைவிட ஒரு மீட்டர் உயர்ந்திருந்தால் அடியில் ஏறத்தாழ 40 மீட்டருக்கு நன்னீர் நிற்கும். அந்த ஒரு மீட்டரை இறைத்துத் தீர்த்தால் உப்பு நாற்பது மீட்டர் மேலேறும். மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகள் உப்பானது இப்படித்தான். சென்னை தன் மணலையும் ஏரியையும் கடைசிச் சொட்டு வரை இறைத்துவிட்டுப் பிறகு கடலிடம் போனது. வரிசை தலைகீழ்.

வேலூருக்குக் கடல் இல்லை, ஆனால் உப்பு உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய தோல் தொழிலின் உப்பு. குரோமியத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அது பெரும்பாலும் சேற்றோடு ஒட்டிக்கொண்டு அதிகம் நகராது. ஆற்றுக்குள் கிலோமீட்டர் கணக்கில் பயணம் செய்வது தோலைப் பதப்படுத்தத் தூவும் சாதாரண உப்புதான். வடிகட்டியோ குளோரினோ அதை எடுக்காது. 1996 ஆகஸ்டில் வேலூர் மக்கள் நலப் பேரவை வழக்கில் உச்ச நீதிமன்றம் “மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்” என்றது இந்த மண்ணை முன்வைத்துத்தான். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, எதிர்ச்சவ்வூடு வடிகட்டல் (ஆர்.ஓ.) வந்தது. நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. அதை மழை படாத கொட்டகையில் வைக்காவிட்டால் செய்ததெல்லாம் மீண்டும் ஆற்றுக்கே. குடிநீரில் மொத்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்புடையது. வேறு வழியில்லாதபோது 2,000 வரை. ஆற்றுக் கிணறுகள் ஒவ்வொன்றிலும் மாதம் ஒருமுறை இதை அளந்து, ஏறுமுகம் கண்டவுடன் அந்தக் கிணற்றுக்கு ஓய்வு கொடுத்து, ஆற்றின் மேற்புறத்தில் உள்ள கிணற்றை இறைப்பதுதான் நிர்வாகம். ஆண்டுக்கு ஒருமுறை அளந்தால் தெரியவரும்போது காரியம் கைமீறியிருக்கும்.

உப்பைவிட அவமானகரமானது சாக்கடை. கொடுத்த குடிநீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும். நம் கணக்கில் நாளொன்றுக்கு 5.4 கோடி லிட்டர். இதில் சுத்திகரிக்காமல் பாலாற்றில் இறங்குவது எவ்வளவோ, அவ்வளவும் நம் தொட்டிக்குள் நாமே விடுவது. மணல் கிருமியை ஓரளவு வடிகட்டும், நைட்ரேட்டை வடிகட்டாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி.யைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கொதிக்க வைத்தால் குறையாது, நீர் சுண்டச் சுண்டக் கூடும். ஆகவே கழிவுநீர் நிலையத்தின் வெளியேற்றம் குடிநீர்க் கிணறுகளுக்குக் கீழ்ப்புறமாக இருக்க வேண்டும். முடிந்தால் ஆற்றுக்கே வரக் கூடாது. சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். அந்த நகரம் செய்ததில் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளத் தகுந்தது இதுதான். வாங்குவதற்கு நம் பக்கத்தில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது.

கிணறுகள் பற்றிச் சுருக்கமாக. ஆற்றுக்குள் வரிசையாக ஆழ்துளைக் குழாய் இறக்குவதைவிட, 5–6 மீட்டர் விட்டமுள்ள உறைகிணறு இறக்கி, அடியில் நாலா பக்கமும் துளையிட்ட குழாய்களை விசிறிபோல் நீட்டும் நீருறிஞ்சு கிணறு நல்லது. துளையில் நீர் நுழையும் வேகம் நொடிக்கு 3 செ.மீ.க்கு மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் நுண்மணல் இழுபட்டு வந்து அடைக்கும், மோட்டாரைத் தின்னும். மே மாதத்தில் “இன்னும் கொஞ்சம் இறை” என்று பெரிய மோட்டார் மாட்டுவதுதான் இந்தக் கிணறுகளைக் கொல்லும் வேலை.

மின்சாரக் கணக்கும் ஒன்று. ஒரு கன மீட்டர் நீரை 100 மீட்டர் ஏற்ற, மோட்டார் இழப்போடு ஏறத்தாழ 0.4 யூனிட். மேட்டூரில் அணைக்குக் கீழ்ப் படுகையும் வேலூரும் கடல் மட்டத்துக்கு 200 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருப்பவை. நடுவில் தருமபுரிப் பக்கத்து மேட்டு நிலம் 400-ஐத் தாண்டுகிறது. ஏற்றி இறக்கினால் கன மீட்டருக்கு ஒரு யூனிட், குழாய் உராய்வு தனி. கடல்நீர் ஆலையில் 3.5 முதல் 4. பாலாற்றுக் கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு 50–60 மீட்டர்தான், 0.25-க்குள் முடியும். நெடுவழிக் குழாயில் எங்கோ மின்சாரம் சட்டென நின்றால் நீர் திரும்பி அடிக்கும் அதிர்ச்சியில் இணைப்பு பிய்யும். ஓரிடத்தில் உடைந்தால் மூன்று மாவட்டத்துக்கு நாலு நாள் குடம் காலி.

இவ்வளவும் செய்து கொண்டுவந்த நீர் தெருக்குழாயில் ஒழுகினால்? 3 மி.மீ. ஓட்டை ஒன்றில், 20 மீட்டர் அழுத்தம் நாள் முழுக்க இருந்தால், 7,000 லிட்டர் போகும். ஐம்பது பேரின் தண்ணீர். ஒழுக்கு பெரும்பாலும் பெரிய குழாயில் இல்லை. வீட்டு இணைப்பு பிரியும் சாடில் (பிடிப்பட்டை), ஃபெரூல் (இணைப்புத் திருகு) பக்கத்தில்தான். முறைவைத்து விடும் ஊரில் இது இரட்டைக் கேடு. நீர் நின்றபின் குழாய் காலியாகி உறிஞ்சும், பக்கத்துச் சாக்கடை அதே ஓட்டை வழியாக உள்ளே வரும். வீட்டு மோட்டாரை நேராக லைனில் வைத்து இழுப்பவர்கள் அந்த உறிஞ்சலை இன்னும் கூட்டுகிறார்கள். முதல் ஐந்து நிமிடம் கலங்கலாக வருவதன் பொருள் இதுதான்.

ஒழுக்கை அளக்கக் கோடி ரூபாய் கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மேல்நிலைத் தொட்டியின் பகுதியைத் தேர்ந்து, தொடர்ந்து மூன்று இரவு நீர் விடுங்கள். முதல் இரண்டு இரவில் வீட்டு சம்புகள் எல்லாம் நிறைந்துவிடும். மூன்றாம் இரவு தொட்டியை நிரப்பி, வரத்து வால்வை மூடி, 12 மணி முதல் 4 மணி வரை மட்டம் இறங்குவதைக் குறியுங்கள். 10 மீட்டர் விட்டத் தொட்டியில் 10 செ.மீ. இறங்கினால் 7,850 லிட்டர். ஊர் உறங்கும் நேரத்தில் இறங்கியதில் பெரும்பகுதி ஒழுக்கு. பிறகு வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனால் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். வேண்டியது நாலு ஆள், ஓர் அளவுகோல், ஒழுங்காக மூடும் வால்வுகள். கடைசியாகச் சொன்னதுதான் கிடைக்காது. பல வால்வுகள் தார்ச்சாலைக்கு அடியில் புதைந்துவிட்டன. அவற்றைத் தோண்டி எடுப்பதையே முதல் வேலையாக வைக்கலாம்.

ஏரிகளில் சதுப்பேரி, கழிஞ்சூர், தாராபடவேடு, ஓட்டேரி, தொரப்பாடி ஆகியவற்றின் வரத்துக் கால்வாய்களை அளந்து எல்லைக்கல் நடுவதே முக்கியம். கரையில் நடைபாதையும் அல்லிக்குளமும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கூரை மழைநீர் பற்றி: 900 மி.மீ. மழைக்கு 100 சதுர மீட்டர் மாடி, ஐந்தில் ஒரு பங்கு இழப்பு போக, ஆண்டுக்கு 72,000 லிட்டர் தரும். 2003-இல் கட்டாயமாக்கிய அமைப்புகள் பல வீடுகளில் இன்று தூர்ந்த ஜல்லிக்குழி. ஜல்லியை ஆண்டுக்கொருமுறை அள்ளிக் கழுவிப் போடாவிட்டால் அது சேற்றுக்குழிதான்.

பாலாற்றில் ஆந்திரா உயர்த்திய புல்லூர் தடுப்பணை மீதான வழக்கும், மைசூரும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட 1892 நதிநீர் ஒப்பந்தமும் தமிழ்நாட்டின் உரிமை, அவை நடக்கட்டும். ஆனால் மலட்டாறு, கவுண்டின்யா, அகரம் ஆறு என வேலூருக்கு மேலே பாலாற்றில் சேரும் கிளைகளின் கீழ்ப்பகுதி நம் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அங்கே சிறு தடுப்பு கட்ட யாருடைய அனுமதிக்கும் டெல்லி போக வேண்டாம். கணியம்பாடிப் பக்கம் நாகநதியில் ஊரக வேலைத் திட்டப் பெண்கள் மழைநீரை நிலத்துக்குள் செலுத்தும் உறைகிணறு இறக்கிக் காட்டியது கண்முன் இருக்கிறது. கோட்டைக்குள் சாமியில்லாத கோயில், கோட்டைக்கு வெளியே நீரில்லாத ஆறு என்று இந்த ஊரைக் கிண்டல் செய்வார்கள். 1981-இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்து பாதிக் கிண்டல் பழங்கதையாயிற்று.

உடனடியாக மாநகராட்சியிடம் கேட்பது ஒன்று. பாலாற்று மணலில் நீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் நிற்கிறது என்பதை மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் போடுங்கள், ஏரி மட்டத்தைச் சென்னைக்காரர்கள் பார்ப்பதுபோல் நாங்களும் பார்த்துக்கொள்கிறோம். அளவுக்குழாய்க்கு 110 மி.மீ. பி.வி.சி. போதும். அடி மூன்று மீட்டருக்குத் துளையிட்டு வலை சுற்றி, சுற்றிலும் சிறுசல்லி நிரப்பி இறக்க வேண்டும். படுகை நடுவில் நட்டால் முதல் வெள்ளம் கொண்டுபோய்விடும். பாலத்தூணின் கீழ்ப்புறம் இரும்புப் பட்டை போட்டுக் கட்டி, வாயைப் பாலத்தின் மேல்மட்டம் வரை உயர்த்தி, பூட்டு மூடி போடவும். மூடி இல்லாவிட்டால் பிள்ளைகள் கல் போட்டு நிரப்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
குடிநீர்ப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் சிலர்,
வேலூர்.